முட்டை, குஞ்சு, எச்சம்: கூண்டுப் பறவைகளின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் ஆகிய சிறு கிளிகளும் ஜீப்ரா ஃபின்ச் என்ற சிட்டும் வளர்க்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் கொஞ்சம்தான். அநேகமாக எல்லாவற்றுக்கும் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றும், மருத்துவரிடம் போனால்தான் தெரியும் காரணம் ஒன்றும் இருக்கும். முதல் வகையைப் பார்க்காமல் நேராகத் தண்ணீரில் மருந்துப் பொடி கலக்கும் பழக்கம்தான் பறவைகளுக்குப் பெரிய கெடுதல். உங்கள் கூண்டில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்குப் போய், சொல்லியிருக்கும் வரிசையிலேயே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது சரியாக்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: 1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, சிறிய டார்ச், ஒரு நோட்டு, ஒதுக்கி வைக்க ஒரு சின்னக் கூண்டு. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கூண்டின் முன் அதிக நேரம் உட்காருபவர்கள் அவர்கள்தான். "அந்த மஞ்சள் இன்னிக்கு சத்தமே போடல" என்று பிள்ளை சொன்னால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி. பறவை நோயை மறைக்கும். நம் கண்ணுக்கு அது நோயாகத் தெரியும்போது பல நாள் ஓடியிருக்கும்.

## எதையும் தேடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

கூண்டின் தரையில் இறகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கை நீட்டினாலும் நகராத பறவை. சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும் பறவை. அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம். வலிப்பு. ஒன்றிரண்டு மணி நேரமாக முட்டையிட முக்கியும் முடியாத பெண்.

கொண்டுபோகும் வரை சின்னக் கூண்டில் வைத்து, மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு ஓரத்தில் மட்டும் வெளியிலிருந்து வெப்பம் படும்படி பல்பு வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறு ஓரத்துக்கு நகர இடம் வேண்டும். 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். நோயுற்ற பறவைக்கு முதல் மருந்து கதகதப்புதான்.

## ஜோடி நன்றாக இருக்கிறது, முட்டை மட்டும் இல்லை

ஜோடிதானா? வளர்ந்த ஆண் பட்ஜிக்கு மூக்குப் பகுதி நீலம். பெண்ணுக்கு வெள்ளை கலந்த வெளிர் நீலம். அடைக்குத் தயாரானால் பழுப்பாகும். லூட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) ஆண்களுக்கு அந்த நீலம் வராது, கடைசி வரை ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே இருக்கும். இதனால் அவற்றைப் பெண் என்று நினைத்து ஆணோடு சேர்த்தவர்கள் நிறைய. இரண்டு ஆண்களும் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும், ஆகவே கொஞ்சுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பரவலாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் வகைகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். சில இறகுகளை அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்வதே உறுதி.

வயது வந்ததா? பட்ஜிக்கு ஒரு வயதை ஒட்டி, காக்டெயிலுக்கு 18 மாதம், ஜீப்ரா ஃபின்சுக்கு 6 முதல் 9 மாதம். அதற்கு முன்னும் முட்டையிடும். ஆனால் இளம் பெண்ணுக்கு முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

இடம் பிடித்திருக்கிறதா? முட்டையிடும் பெட்டி கூண்டின் மேற்பகுதியில், ஆள் நடமாட்டம் குறைந்த பக்கம் இருக்க வேண்டும். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் பெண் உள்ளே போகாது. பட்ஜிக்கு நுழைவாய் 4 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பெரிய வாய் வைத்தால் உள்ளே வெளிச்சம் விழுந்து பெண் தயங்கும்.

வெளிச்சம், தீனி, துணை. நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். வெறும் தானியத்தோடு முட்டை உணவு (வேகவைத்து மசித்த முட்டை), கீரை, முளைகட்டிய தானியம், கடல் நுரை (கணவாயின் ஓடு) ஆகியவையும் வேண்டும். பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. தனியாக ஒரே ஜோடி இருந்தால் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஜோடியின் குரல் கேட்கத் தொடங்கியதும் பெட்டிக்குள் போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் 6 முதல் 8 வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகு ஜோடியை மாற்றிப் பாருங்கள். இரண்டு துணைகளோடும் முட்டையிடாத பெண்ணை மட்டும் மருத்துவரிடம் காட்டினால் போதும்.

## முட்டை இருக்கிறது, பொரியவில்லை

முதலில் நாளைச் சரியாக எண்ணுங்கள். பட்ஜி முட்டைக்கு ஏறக்குறைய 18 நாள், காக்டெயிலுக்கு 18 முதல் 21, ஆப்பிரிக்கன் லவ் பேர்டுக்கு 21 முதல் 23, ஜீப்ரா ஃபின்சுக்கு 12 முதல் 14. கணக்கு தொடங்குவது முட்டை இட்ட நாளில் இல்லை, பறவை ஒழுங்காக அடை உட்கார்ந்த நாளில். பல பறவைகள் இரண்டாவது, மூன்றாவது முட்டைக்குப் பிறகே ஒழுங்காக உட்காரும். பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் இடுவதால் எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரியாது. ஒவ்வொரு முட்டையிலும் மெல்லிய மார்க்கரால் ஒரு எண் எழுதி, நோட்டில் தேதி போடுங்கள். "பொரியவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இந்தத் தேதியை எழுதியதுமே தீர்ந்துவிடும்.

அடை உட்கார்ந்த 7ஆம் நாள் இருட்டில் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடியுங்கள். அதற்கு மேல் மூன்று வழி பிரிகிறது.

### முட்டை முழுக்கத் தெளிவாக, மஞ்சளாகத் தெரிகிறது

கரு கூடவில்லை. முதலில் அமரும் குச்சியை ஆட்டிப் பாருங்கள். அது சுழன்றால் அல்லது தளர்ந்திருந்தால் இணைசேரும்போது பெண்ணால் நிலையாக நிற்க முடியாது. கூமுட்டைக்கு எளிய காரணங்களில் இதுவே முதலாவது, சரிசெய்ய ஒரு ஆணி போதும். அடுத்து எச்சத்துவாரத்தைச் சுற்றி அடர்ந்த இறகு. கண்காட்சி வகைப் பெரிய பட்ஜிகளில் இது வழக்கம்; நுனியைக் கவனமாகக் கத்தரித்துவிட்டால் அடுத்த ஈட்டில் (அடுத்த முறை இடும் முட்டைகளில்) மாற்றம் தெரியும். மூன்றாவது கொழுப்பு: நெஞ்செலும்பு கைக்கே தட்டுப்படாத அளவு பருத்த ஆணுக்குப் பறக்க இடம் வேண்டும், சூரியகாந்தி விதையைக் குறைக்க வேண்டும். நான்காவது, ஒரே பெட்டியில் 8, 10 என்று முட்டை குவிந்தால் அங்கே இருப்பது இரண்டு பெண்களாக இருக்கலாம்.

முதல் ஈட்டில் எல்லாம் கூமுட்டையானால் கவலை வேண்டாம், அனுபவமில்லாத ஜோடிக்கு இது சகஜம். மூன்றாவது ஈட்டிலும் அப்படியே என்றால் ஆணை மாற்றுங்கள்.

### நரம்பு ஓடியது, பிறகு நின்றுவிட்டது

உள்ளே சிவப்பு வளையம் போல் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்திருக்கிறது. பெரும்பாலும் முட்டை குளிர்ந்ததே காரணம். இரவில் பெண் பெட்டியை விட்டு வெளியே வருகிறதா பாருங்கள். வந்தால் "இரவில் படபடப்பு" என்ற தலைப்புக்குப் போங்கள். அடுத்து ஓட்டில் நகக் கீறல், சிறு பள்ளம் இருக்கிறதா பாருங்கள். உள்சவ்வு கிழியாத சிறு விரிசலாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மெழுகை மெல்லத் தடவி மூடலாம். அழுக்கான முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய், கிருமி உள்ளே இறங்கும்.

### முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே இறந்தது

இதுதான் மனதைக் கலைப்பது. முதலில் ஈரப்பதத்தைச் சரிசெய்யுங்கள். வறண்ட நாட்களில் உள்சவ்வு காய்ந்து இறுகிக் குஞ்சால் திரும்ப முடியாமல் போகும். அகலமான குளியல் தட்டு வைத்தால் பெண் நனைந்த வயிற்றோடு போய் உட்காரும், அதுவே போதும். அடுத்தது தாயின் உணவு: முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில் அது சாப்பிட்டதுதான் குஞ்சின் பலம். பிறகு இரத்த உறவு. ஒரே கூண்டுப் பிள்ளைகளையே மீண்டும் மீண்டும் சேர்த்தால் இது கூடிக்கொண்டே போகும். நோட்டில் பெற்றோர் பெயர் எழுதிவைக்கும் வழக்கம் இதற்காகத்தான்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததும் உதவி செய்யக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். கிளி இனங்களில் விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். ஓட்டைப் பிய்த்தால் சவ்விலுள்ள இரத்த நாளம் அறுந்து குஞ்சு இறக்கும். 48 மணி நேரம் கடந்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மட்டும் அனுபவமுள்ளவரை அழையுங்கள். இரண்டு ஈடு தொடர்ந்து இப்படியே முடிந்தால், பொரியாத முட்டைகளை எறியாமல் மருத்துவரிடம் கொடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

## முட்டையிடும் பெண் தரையில் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

வாலை அசைத்து முக்குகிறது, அடிவயிறு வீங்கியிருக்கிறது, கால் தள்ளாடுகிறது என்றால் முட்டை சிக்கியிருக்கிறது. சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடிய நிலை இது.

உடனே சின்னக் கூண்டுக்கு மாற்றி 30 டிகிரி வெப்பம் கொடுங்கள். பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம் வைத்து ஈரக் காற்று உண்டாக்குங்கள். தானாகக் குடித்தால் திரவ கால்சியம் கலந்த தண்ணீர் வையுங்கள். தொந்தரவு செய்யாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவர். மூச்சு இழுத்தாலோ, எச்சத்துவாரத்தில் சிவந்த சதை வெளியே வந்தாலோ அந்த நேரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளாதீர்கள். உள்ளேயே உடைக்காதீர்கள். உடைந்த ஓடு உள்ளே கிழித்துவிடும்.

பிழைத்த பெண்ணுக்குப் பெட்டியை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஓய்வு கொடுங்கள். காரணத்தையும் தேடுங்கள்: இளம் வயது, கால்சியம் குறைவு, குளிர், ஓய்வில்லாமல் ஈடு மேல் ஈடு. வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். அதற்கு மேல் ஆசைப்படுவது பெண்ணின் எலும்பிலிருந்து எடுப்பதுதான். கடல் நுரை வைத்தும் கால்சியம் சேரவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் வைட்டமின் டி உண்டாகாது. நிழலும் இருக்கும் இடத்தில் நேரடி இளவெயில் படவேண்டும்.

பெட்டி இல்லாமலும் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணிடமிருந்து முட்டையைப் பறிக்காதீர்கள், எடுக்க எடுக்க இடும். அவள் சலித்து விட்டுப்போகும் வரை விடுங்கள். வெளிச்சத்தை 10 மணி நேரமாகக் குறைத்து, கூண்டுக்குள் எல்லாவற்றையும் இடம் மாற்றிவையுங்கள்.

## குஞ்சின் தீனிப்பை

தினமும் மாலை, விளக்கணைக்கும் முன் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைப் பாருங்கள். அந்த நேரத்தில் அது நிறைந்திருக்க வேண்டும். பொரித்த முதல் நாளில் காலியாக இருந்தால் பதற வேண்டாம், மஞ்சள்கருவின் மிச்சம் அதைக் காப்பாற்றும்.

*எல்லாக் குஞ்சுக்கும் காலி:* தாய் நோயுற்றிருக்கலாம், அல்லது மென்மையான தீனி போதவில்லை. முட்டை உணவை நாளுக்கு இரண்டு முறை புதிதாக வைத்துப் பாருங்கள். அரை நாளில் மாற்றமில்லையென்றால் ஏறக்குறைய அதே வயதுக் குஞ்சுகள் உள்ள இன்னொரு பெட்டிக்கு மாற்றுங்கள். பட்ஜி வேற்றுக் குஞ்சைத் தயங்காமல் ஏற்கும்.

*கடைசிக் குஞ்சுக்கு மட்டும் காலி:* மூத்ததற்கும் இளையதற்கும் பத்து நாள் வித்தியாசம் இருந்தால் இளையது நசுங்கும். இதற்கும் பெட்டி மாற்றமே சிறந்த வழி.

*மாலையில் நிறைந்தது காலையிலும் அப்படியே இருக்கிறது:* தீனிப்பை தேங்கிவிட்டது. குளிர்ந்த உணவு, கெட்ட உணவு, கிருமி என எதுவாகவும் இருக்கலாம். புளித்த வாடை வந்தால் அன்றே மருத்துவர்.

கையால் ஊட்டுவதைக் கடைசி வழியாக வையுங்கள். ஊட்டும் கூழ் 39 முதல் 41 டிகிரி வரை இருக்க வேண்டும், விரலால் சோதிக்காமல் வெப்பமானியால் பாருங்கள். ஆறியிருந்தால் தேங்கும், அதிகமானால் தீனிப்பை வெந்து ஓட்டையாகும். மைக்ரோவேவில் சூடாக்கினால் கூழில் அங்கங்கே கொதிசூடு ஒளிந்திருக்கும். பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும், ஊசிக்குழல் பெரியவர் கையில் இருக்கட்டும்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்த குஞ்சு தெரிந்தால் பெட்டியின் அடியைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் அதுவே காரணம். சில சென்டிமீட்டர் மரச்சீவல் போடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மென்மையான பட்டையால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் இணைத்துக் கட்டினால் நேராகிவிடும். எலும்பு இறுகியபின் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

## குஞ்சுக்கு இறகு இல்லை

எந்த இறகு இல்லை என்பதில்தான் விடை.

தலை, கழுத்து, முதுகு மொட்டையாக இருந்து சிறகும் வாலும் முழுதாக இருந்தால் தாயோ தந்தையோ பிடுங்குகிறது. அடுத்த ஈட்டுக்கு அவசரப்படும் பெற்றோரின் வேலை இது. இன்னொரு பெட்டி வையுங்கள். பிடுங்குவது யார் என்று தெரிந்தால் அதைப் பிரித்து, மற்றது வளர்க்கட்டும். இறகு திரும்ப முளைத்துவிடும்.

உடம்பு முழுக்க இறகிருந்து, ஐந்து வாரத்தை ஒட்டிச் சிறகின் நீள இறகுகளும் வாலும் உதிர்ந்து, குஞ்சு பறக்காமல் தரையில் ஓடினால் அது ஃபிரெஞ்ச் மோல்ட். பாலியோமா வைரஸ் அல்லது அலகு இறகு நோய் வைரஸ் பின்னால் இருக்கலாம். வீட்டில் தீர்க்கும் விஷயமில்லை. எல்லாப் பெட்டிகளையும் எடுத்து, புதுப் பறவை வாங்குவதையும் கொடுப்பதையும் நிறுத்தி, மருத்துவர் மூலம் இரத்தம் அல்லது இறகைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நன்றாகத் தெரியும் குஞ்சை நண்பருக்குக் கொடுப்பதும் இந்த நோயைக் கொடுப்பதாக முடியலாம்.

## நாள் முழுக்கத் தின்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது

நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல் கைக்குத் தட்டுப்பட்டால் இளைப்பு முற்றியிருக்கிறது. முதலில் தீனிக் கிண்ணத்தை ஊதுங்கள். நிறைந்திருப்பது போல் தெரிவது வெறும் உமியாக இருக்கும். குடும்பத்தில் எல்லோரும் "தீனி இருக்கிறதே" என்று கடந்துபோன கூண்டுகளில் பறவை பட்டினியால் இறந்திருக்கிறது. தினமும் உமியைக் கொட்டுங்கள். ஒரே கிண்ணமாக இருந்தால் பலசாலி விரட்டுகிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இரண்டாவது கிண்ணத்தைத் தூரமாக வையுங்கள்.

அதற்கு மேலும் எடை இறங்கினால் புது எச்சத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மண் தரைக் கூண்டென்றால் புழுவோ காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியோ இருக்கலாம். பட்ஜியில், எச்சத்தில் தானியம் செரிக்காமல் முழுதாக வந்தால் மெகாபாக்டீரியா என்று அழைக்கப்படும் ஒரு பூஞ்சை. நுண்ணோக்கியில் பார்க்காமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது, மருந்தும் வேறு வேறு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போய்விடுங்கள்.

## எச்சம் மாறிவிட்டது

நல்ல எச்சத்தில் உருண்ட கரும்பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் நீர். உருண்ட பகுதி கலையாமல் நீர் மட்டும் கூடினால் கீரை, பழம், பயம், வெயில் காரணம். ஒரு நாள் தானியம் மட்டும் கொடுத்தால் சரியாகும். உருண்ட பகுதியே கூழானால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, தானியத்தை முகர்ந்து பாருங்கள்; பூசணவாடை இருந்தால் மொத்தமும் குப்பைக்கு. வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறினால், தார் போல் கறுத்தால், இரத்தம் தெரிந்தால் மருத்துவர்.

தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயுற்ற பறவை குறைவாகக் குடிக்கும், ஆகவே எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. டெட்ராசைக்ளின் வகை மருந்தைக் கால்சியம் கட்டிப்போடும். கடல் நுரை தொங்கும் கூண்டில் அது வீண். எடைக்கேற்ற அளவு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

## வாய் திறந்து மூச்சு, கிளிக் சத்தம்

வெயில் நேரத்தில் சிறகை விரித்துக்கொண்டு மூச்சிரைத்தால் வெப்பம். நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வையுங்கள். ஃபின்ச், கேனரிகளில் இரவில் காதருகே பிடித்தால் கிளிக் கிளிக் என்று கேட்பது காற்றுப்பை உண்ணி. மருத்துவர் தோலில் இடும் சொட்டு மருந்தால் தீரும். தானியம் மட்டுமே தின்ற பட்ஜி கீச்சென்ற மூச்சுடன் தீனியைக் கக்கினால் அயோடின் குறைந்து தைராய்டு வீங்கியிருக்கலாம். இவை எதிலும் பொருந்தாத மூச்சுத்திணறல் அன்றே பார்க்கப்பட வேண்டும்.

## அலகிலும் காலிலும் தேன்கூடு போல் பொருக்கு

பட்ஜிகளில் வரும் செதில் உண்ணி. சுரண்டாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்துக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் 35 கிராம் பறவைக்கு ஒரு துளி கூடினாலும் விஷம். கூண்டிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருத்துவர் போடட்டும், குச்சிகளை மாற்றிவிடுங்கள்.

## இரவில் படபடப்பு

இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டுக் காலையில் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் செல்பூச்சி. அது பகலில் பெட்டியின் இடுக்கிலும் குச்சியின் நுனியிலும் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பறவைக்கு மருந்து போட்டு மட்டும் பயனில்லை; பெட்டியைக் காலிசெய்து கொதிநீர் ஊற்றிக் காயவைக்க வேண்டும். துணி சுத்தமாக இருந்தால் எலி, பல்லி, பூனையின் நடமாட்டத்தைத் தேடுங்கள். அதுவும் இல்லாமல் காக்டெயில் மட்டும் திடீரென அடித்துக்கொண்டு எழுந்தால் இருட்டுப் பயம். ஒரு மங்கலான விளக்கு எரியட்டும்.

## நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று இறந்துகிடக்கிறது

ஒன்றுக்கு மேல் சேர்ந்து இறந்தால் அடுப்பைக் கேளுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் அந்த ஆவி நிமிடங்களில் கொல்லும். அடுத்து கொசுவிரட்டி, தெளிப்பான், புது பெயிண்ட். கூண்டு வலை புதிதாக இருந்து, பறவைகள் அதைக் கடித்து, வாந்தியும் பச்சை எச்சமுமாகச் சோர்ந்தால் துத்தநாக விஷம். புது வலையை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

காரணம் தெரியவில்லையென்றால் உடலை நனைத்து, பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் உணவு இல்லாத தட்டில் வைத்து, சீக்கிரம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறையவைத்தால் திசு கெட்டுவிடும். மிச்சப் பறவைகளைக் காப்பாற்ற இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. சில நாட்களுக்கு முன் புதுப் பறவை சேர்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். புதிதாக வருவதை 30 முதல் 45 நாள் வேறு அறையில் வைத்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

## பறவை நன்றாக இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கு இருமல்

காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் சேர்ந்து வந்தால், "வீட்டில் பறவைகள் இருக்கின்றன" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கிளி இனங்களிலிருந்து தொற்றும் சிட்டகோசிஸ் அப்படித்தான் தொடங்கும். கேட்டால்தான் சந்தேகப்படுவார்கள், சந்தேகப்பட்டால்தான் சரியான மருந்து கிடைக்கும். பறவை வெளியே நலமாகத் தெரிந்தாலும் கிருமியைச் சுமக்கலாம் என்பதால் அவற்றையும் அதே வாரம் பரிசோதியுங்கள். காய்ச்சல் இல்லாமல் மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கி, மாதக்கணக்கில் இருமல் நீடித்தால் இறகுத் தூசி ஒவ்வாமையாக இருக்கலாம். காக்டெயில் நிறையத் தூசி உதிர்க்கும். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர், முகக்கவசத்தோடு, எச்சத்தை முதலில் நனைத்துவிட்டுச் செய்யட்டும்.